நாலு கால் மீன்

"தவக்காலத்துல என்னால நாக்கைக் கட்ட முடியலை, சாமி" என்று பாவமன்னிப்புக் கூண்டில் முழங்காலிட்டவர் முனகினார்.

"கறி தின்னீங்களா?" திரைக்கு அந்தப் பக்கமிருந்து வெளியூர்ச் சாமியார் கேட்டார்.

"சேச்சே! சிகுவீரேதான்."

"பன்னி மாதிரி நாலு கால் இருந்தாலும் ஆத்துலயே கிடக்கிற ஜந்து. நம்ம அப்பூரே மாநிலத்துல நோன்புக்கு அதை மீன் கணக்குலதானே சேர்த்திருக்கு? இதுல என்ன பாவம்?"

"ஒறுத்தல் காலம் எப்படா வரும்னு கிறிஸ்துமஸ்லேருந்தே எச்சில் ஊறுது, சாமி. போன வெள்ளிக்கிழமை மூணு தட்டு!"

திரைக்குப் பின்னாலிருந்த குரல் தாழ்ந்தது. "உப்புக்கண்டத்தைப் பிச்சுப்போட்டு, வெங்காயம் தக்காளியோட வதக்கினதா?"

"கூடவே வாழைப்பழ வறுவல்."

"போதும், நிறுத்துங்க!" சாமியார் எச்சிலை விழுங்கினார். "ஈஸ்டர் வரைக்கும் சிகுவீரேயைத் தொடக் கூடாது. அதுதான் அபராதம்."

வெளியே வந்தவரைக் கண்டதும் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வணங்கினார்கள். அவருக்குச் சமைத்துப் போடும் ஓத்திலியா அம்மாள் ஓடி வந்தாள்.

"பங்குச் சாமி, போன வெள்ளிக்கிழமை நாக்கை அடக்கச் சொல்லி என்னமா பிரசங்கம் வெச்சீங்க! இன்னிக்கும் உங்களுக்குச் சிகுவீரே எடுத்து வெச்சிருக்கேன்."

பங்குச் சாமியார் எவுஸ்தோக்கியோ கண்களை இறுக மூடிக்கொண்டார். "எனக்கு வேண்டாம்மா. மத்தி மீன் போதும்."

திரைக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது.

"அம்மா, அதை வீணாக்காதீங்க. இங்க வெளியூர்க்காரன் ஒருத்தன் பசியோட இருக்கான்."