கழுத்தில் போட்ட கோடு

டாக்டர் கணேசமூர்த்தி, கட்டிலில் படுத்திருந்த பஞ்சாலை என்ற பெண்ணின் கழுத்தில் ஊதா மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ரப்பர் பால்மரத்துப் பட்டையில் கத்தி வைக்குமுன் போடுகிற கோடு மாதிரியே இருந்தது. அவள் புருஷன் சன்னாசி கட்டிலருகே நெருங்கி வந்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர். எதுக்கு அறுக்கிறீங்க?"

"கழுத்துக்குள்ள பயறு அளவுல நாலு சுரப்பி இருக்குய்யா. அதுல ஒண்ணு மிஞ்சி வேலை செய்யுது. எலும்புல உள்ள சுண்ணாம்பை உருவி ரத்தத்துல விடுது. தாகம் அடங்காது. இப்படியே விட்டா எலும்பு உளுத்துப் போகும். கிட்னியும் போயிரும்."

"எந்தச் சுரப்பின்னு படத்துல தெரிஞ்சுதா?"

"இல்ல. மருந்தேத்தி எடுத்த படத்துலயும் ஒண்ணும் தெரியல. ஆனா ரெண்டு தடவை ரத்தம் பாத்தோம். ரெண்டுலயும் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. ரத்தம் பொய் சொல்லாதுய்யா. திறந்துதான் தேடணும்."

தேடுவார்களாம். காணாமல் போன மாட்டையா தேடுகிறார்கள்? கைநாட்டு வைக்கச் சொன்ன காகிதத்தைச் சன்னாசி மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

வாசலில் தாதி, "பஞ்சாலை" என்று கூப்பிட்டாள்.

"இருக்கேன்" என்று குரல் கொடுத்தவள் பஞ்சாலையின் தங்கை தாயம்மா.

"இது என்ன தோட்டத்துப் பெரட்டா, அக்காவுக்கு நீ பேர் குடுக்க?" சன்னாசி சள்ளென்று விழுந்தார்.

"பழக்கம்லா மாமா."

மலேசியாவில் தம்பின் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், விடியற்காலைப் பெரட்டில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடும்போது அக்கா பிந்தினால் தங்கைதான் குரல் கொடுப்பாள். இருபது வருசமாக அப்படித்தான். தாயம்மா காலி பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்றாம் தடவையாகத் தண்ணீர் பிடிக்கப் போனாள். பால்வாளி தூக்கியதில் முறிந்த மணிக்கட்டில் இன்னும் மாவுக்கட்டு இருந்தது.

அவள் அந்தப் பக்கம் போனதும் தாதி ஊசியோடு வந்தாள். "கத்தி வைக்க முந்தி ஒரு ரத்தம். சுரப்பிய எடுத்தப்புறம் இன்னொண்ணு எடுத்து, இறங்கிருச்சான்னு பாப்பாங்க."

ஊசி தொட்டதுதான். பஞ்சாலையின் கண் செருகியது, உதடு வெளுத்தது.

"ஏ புள்ள, முழிச்சுப் பாரு" என்று சன்னாசி அவள் கன்னத்தைத் தட்டினார். இங்கிருந்து இவளைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

மத்தியானம் டாக்டர் திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"ரத்தம் சுத்தமா இருக்கு."

"அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரட்டுமா?"

"இருங்கய்யா. ஒரே ஆள் ரத்தம் ஒரு வாரத்துல தானா இப்படி மாறாது. முந்தி ரெண்டு தடவையும் ரத்தம் எடுத்தப்ப இவங்க கூட வந்தது யாரு?"

சன்னாசி மச்சினியைப் பார்த்தார். தாயம்மா தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து மெதுவாக இறக்கினாள்.

"ஊசியக் கண்டா அக்கா விழுந்துரும் டாக்டர். பேர் கூப்பிட்டாங்க. ரெண்டு தடவையும் நான்தான் கையை நீட்டினேன்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. மாவுக்கட்டைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் காலியாகக் கிடந்த கட்டிலைக் காட்டினார்.

"நீங்க வந்து படுங்கம்மா."