மாப்பிள்ளை போட்டோ

"கொஞ்சம் சிரிப்பா. பொண்ணு வீட்டுக்குப் போற போட்டோ இது, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறதில்ல."

அந்த அம்மா சொன்னதும் சைக்கிள் கடைக்காரன் உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தான். பல்வலிக்காரன் மாதிரி இருந்தது. போட்டோக்காரர் பொத்தானை அழுத்தாமலே கேமராவை இறக்கினார்.

"போதும்மா. எனக்கு வேலை கிடக்கு" என்று அவன் கடை வாசலில் போட்டிருந்த ஸ்டூலை விட்டு எழுந்து, உள்ளே போய் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினான்.

அந்த அம்மா போட்டோக்காரரை ஓரமாக இழுத்துப் போனார்.

"பொண்டாட்டி தவறி ரெண்டு வருஷம் ஆச்சுங்க. அன்னிக்கு மூடின வாய். பழைய போட்டோவைப் பார்த்துட்டு ரெண்டு இடத்துல வேண்டாம்னுட்டாங்க. இதுவும் தட்டிப்போனா இனிமே கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். நாலு மணிக்குள்ள போட்டோ போயாகணும்."

"பார்க்கலாம்மா. அவர் வேலையைச் செய்யட்டும்."

"கடையிலயா? பின்னால டியூபெல்லாம் குடல் மாதிரி தொங்குதே!"

"அது தெரியாது. லென்ஸை நல்லாத் திறந்து வெச்சா ஆள் மட்டும் பளிச்சுன்னு நிப்பார். பின்னால இருக்கறதெல்லாம் கலங்கிப்போயிடும்."

அவன் முன்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, விளிம்பை ஒட்டி விரலை வைத்து, எங்கே வளைந்து கோட்டம் விழுந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தான். முகத்தில் இருந்த மரக்கட்டை காணாமல் போயிருந்தது. போட்டோக்காரர் சக்கரத்துக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒன்று எடுத்தார்.

அந்த அம்மா கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். "சக்கரம் ஏன் நின்னுபோச்சு? கம்பியை எண்ணிடலாம் போலிருக்கே."

"வேகம் அதிகமா வெச்சுட்டேன். நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு. ஓடறது எதுவா இருந்தாலும் அப்படியே உறைஞ்சுடும்."

"இவனே உறைஞ்சுதான் கிடக்கான். சக்கரமாவது சுத்தட்டும்."

போட்டோக்காரர் கேமராவை முக்காலியில் பொருத்தினார். இந்த முறை நொடியில் எட்டில் ஒரு பங்கு. கம்பிகள் கரைந்து சக்கரம் புகை வளையமாகத் தெரிந்தது. ஆனால் அவசரத்தில் அவனுடைய கண்ணுக்குப் பதிலாக, முன்னால் இருந்த சைக்கிள் மணிக்கு ஃபோகஸ் செய்துவிட்டார். மணி கண்ணாடியாக மின்னியது. அவன் முகம் பின்னால் மாவாகக் குழைந்திருந்தது.

அந்த அம்மா திரையை வெகுநேரம் பார்த்தார்.

"மணி மூக்கும் முழியுமா லட்சணமாத்தான் இருக்கு. அதுக்கு ஒரு இடம் பாக்கறதா இருந்தா இதையே அனுப்பிடலாம்."

சக்கரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அவன் தும்மினான் என்றுதான் போட்டோக்காரர் முதலில் நினைத்தார். நிமிர்ந்து பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்க, கண் சுருங்க. அவசரமாகக் கண்ணில் ஃபோகஸ் வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

திரையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "சே, வேகத்தை மாத்தலையே! தலையாட்டிச் சிரிச்சதுல ரெண்டு வாய் மூணு கண்ணா விழுந்திருக்கு."

"எங்கே, காட்டுங்க." அந்த அம்மா கேமராவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "இது எனக்கு ஒரு காப்பி வேணும்."

"தெளிவா இல்லையேம்மா."

"இருக்கட்டும். சிரிப்புன்னு தெரியுதில்ல?"

போட்டோக்காரர் யோசித்தார். எட்டில் ஒன்று என்றால் சிரிப்பு கலைகிறது. ஆயிரத்தில் ஒன்று என்றால் சக்கரம் நின்றுவிடுகிறது. நடுவில் அறுபதில் ஒன்று வைத்தார். கண்ணில் ஃபோகஸை நிறுத்திக்கொண்டு, "அம்மா, அந்த மணியைப் பத்தி இன்னும் ஏதாவது சொல்லுங்க" என்றார்.

"என்ன சொல்ல? குரல் கொஞ்சம் கணீர்னு இருக்கு. போற இடத்துல மாமியாருக்குப் பொறுக்கணுமே!"

"அம்மா, போதும்மா!" என்று அவன் வயிற்றைப் பிடித்தான்.

படம் விழுந்தது. முன்னால் சக்கரம் புகையாகச் சுழன்றது. பின்னால் டியூப்கள் கறுப்பு மேகமாகக் கலங்கியிருந்தன. நடுவில் ஒரு சிரித்த முகம், கன்னத்து எண்ணெய்க் கறை உட்பட அத்தனை தெளிவு.

மூன்றரைக்குப் படம் போனது. அவன் மறுபடி சக்கரத்தின் கோட்டம் எடுப்பதில் மூழ்கிவிட்டான். போட்டோக்காரர் முக்காலியை மடித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவின் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்கிற பகுதி பழுதாகியிருந்ததால் ஸ்பீக்கரில்தான் பேசினார். பெண்ணின் தாய்.

"போட்டோ பார்த்தோங்க. என் பொண்ணு அவங்கப்பா போனை வாங்கி வெச்சுக்கிட்டுத் திருப்பித் தரமாட்டேங்குறா. ஞாயித்துக்கிழமை நேர்ல வரோம்."

"வாங்க, வாங்க, சந்தோஷம்" என்றார் அந்த அம்மா. போட்டோக்காரருக்குத் தன் வீட்டுக் கல்யாணம் நிச்சயமானதுபோல இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. மூத்த தாரத்தோட அம்மா ஒருத்தங்க இருக்காங்களாமே. என் மக வாழ்ந்த வீடு, அது இதுன்னு சொல்லி அவங்க நாளைக்கு வந்து ஏதும் தகராறு பண்ணமாட்டாங்களே?"

"பண்ணமாட்டேன்."

மகிழ்ச்சியில் வாய் குழறிவிட்டது என்று போட்டோக்காரர் சிரித்துக்கொண்டார். போனிலும் அதே குழப்பம்.

"பண்ணமாட்டாங்கன்னுதானே சொல்ல வர்றீங்க?"

"இல்லீங்க" என்றார் அவர். "நான்தான் அந்த அம்மா."