பாட்டு இல்லாத பேய்

பிரவுன் பை வைத்திருந்த அந்த ஆள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு கடைக்குள் வந்தபோதே ராஜவேலுக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது.

கிளியனூர் சிவப்பிரகாசம் காலையில்தான் போன் செய்திருந்தான். நேற்று அவனுடைய கேம் கடையில் ரெய்டு. இரண்டு போலீஸ், கூடவே பிரவுன் பையோடு ஓர் ஆள். டிவியில் காதை வைத்துக் கேட்டானாம், தலையாட்டினானாம், அவ்வளவுதான். மூன்று பிளேஸ்டேஷன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"கேம் கம்பெனி ஆளுப்பா. காப்பி சிடிய காதாலயே புடிச்சிடுறான்" என்று அழாத குறையாகச் சொன்னான்.

காதால் பிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முழு கேமும் டிவிடியில்தான் அடங்கும். அதை மலிவு சிடியில் அடைக்கிறவர்கள், இடம் போதாமல், பின்னணிப் பாட்டை வெட்டி எறிந்துவிடுவார்கள். ராஜவேல் கடையில் இருந்த அறுபதும் சிவப்பிரகாசம் கொடுத்த சிடிதான். துப்பாக்கி வெடிக்கும், கார் உறுமும், பாட்டு மட்டும் வராது.

பாட்டு எதற்கு, பேயைச் சுட்டால் போதாதா என்பது ராஜவேலின் கட்சி. குறை தெரியாமல் இருக்க டேப் ரெக்கார்டரில் சினிமாப் பாட்டை ஓடவிட்டிருப்பான்.

மீன்பிடித் தடைக்காலம் வேறு. பக்கத்தூர் அனுமந்தைப் பையன்கள் வலையை மடித்து வைத்துவிட்டு மத்தியானமே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இன்றைக்கும் அரவிந்தனும் இன்னும் மூன்று பேரும், 'பேய் பங்களா' என்று அவர்களே பேர் வைத்த கேமை ஆடிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு பேய் வந்தால் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மரக்காணத்தில் அந்தப் பேய்க்கு மரியாதையே கிடையாது.

வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக டிவி பக்கத்தில் போய் நின்றார்.

ராஜவேல் டேப்பின் சத்தத்தைக் கூட்டினான். அவசரத்தில் அது கடைசி வரைக்கும் போய்விட்டது.

"அத நிறுத்துங்க தம்பி."

நிறுத்தினான். நிறுத்தாமல் என்ன செய்வான்?

டிவியில் பங்களாவின் படிக்கட்டில் ஒருவன் ஏறிக்கொண்டிருந்தான். தடக், தடக் என்று காலடிச் சத்தம், அதைத் தவிர ஒன்றுமில்லை. அவர் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

ராஜவேலுக்குத் தன் கால்தான் ஞாபகம் வந்தது. ஆறு வருஷம் உப்பளத்தில் மரப்பலகையால் உப்பை இழுத்து வாரிய கால். வெடிப்பில் அந்த உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போய் உயிர் வரும். கோட்டக்குப்பத்தில் துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம் இந்த இரண்டு பிளேஸ்டேஷனையும் பழசாக வாங்கிக் கடை போட்ட பிறகு, இந்த ஒரு வருஷத்தில்தான் வெடிப்பு மூடியிருக்கிறது. உப்புக் காற்று சிடி படிக்கும் லென்ஸைத் தின்றுவிடும் என்று தினமும் பஞ்சால் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றி வைத்திருக்கிறான். "இப்பத்தான் மனுசன் காலு மாதிரி இருக்குது" என்று மனைவி ரேணுகா நேற்றுகூடக் கிண்டல் செய்தாள்.

இதைத் தூக்கிக்கொண்டு போனால் நாளைக்கு விடிந்ததும் அந்தக் கால் உப்புப் பாத்தியில்தான் இறங்க வேண்டும். ஐயோ, மறுபடியுமா?

அவர் நிமிர்ந்தார். தலையாட்டினார்.

ராஜவேல் கையெடுத்துக் கும்பிட்டேவிட்டான். "சார், புள்ளகுட்டிக்காரன் சார். சிடி எல்லாத்தையும் எடுத்துக்குங்க. பெட்டிய மட்டும் வுட்டுடுங்க."

அவர் பையின் ஜிப்பை இழுத்தார். என்ன வருமோ ஏது வருமோ என்று ராஜவேல் பார்த்துக்கொண்டே இருந்தான். வந்தது ஒரு டிவிடி. அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் அதே கேமின் பேர் கோணலாக எழுதியிருந்தது.

எந்தக் கம்பெனி கையால் எழுதி விற்கிறது?

"போட்டுப் பாருங்க. எங்க காப்பியில பாட்டு முழுசா இருக்கும். இனிமே மாசாமாசம் நாங்களே கொண்டாந்து குடுத்துடுறோம்."

அடச்சே, இவ்வளவுதானா! ராஜவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்புகூட வந்துவிட்டது. "கிளியனூர்ல நேத்து ரெய்டுன்னாங்க சார். நீங்கதான் அந்த கம்பெனி ஆளுன்னு நெனச்சி பயந்தே போயிட்டேன்."

"நான்தான் போயிருந்தேன்." அவர் பையை மூடினார். "கம்பெனிக்காரனுக்கு கிளியனூர் எங்க இருக்குதுன்னு தெரியுமா? நாங்கதான் கம்பெனி பேர்ல போலீசுக்கு எழுதிப் போட்டோம். சிவப்பிரகாசம் எங்க சரக்கு வேணாம்னு சொல்லிட்டாரு."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போனார்.

ராஜவேல் டிவிடியைப் போட்டான். அதே படிக்கட்டில் அதே ஆள் ஏறினான். இந்தத் தடவை கூடவே பாட்டும் வந்தது. பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. அடித்தொண்டையில் யாரோ முனகுவது போல ஒரே ஒரு வயலின். கதவு நெருங்க நெருங்க அது மெல்ல மெல்ல ஏறியது.

பேய் இன்னும் வரவே இல்லை. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. அரவிந்தன் கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணே, சவுண்ட கொஞ்சம் கொறைண்ணே."

ராஜவேலுக்கும் கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. குறைக்கத்தான் எழுந்தான். கையை நீட்டினான். நீட்டும்போது வாசலைப் பார்த்தான்.

அவர் இன்னும் போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கடைப் பக்கமாகக் காதைத் திருப்பியபடி நின்றிருந்தார்.

ராஜவேல் கையை இழுத்துக்கொண்டான்.

"இருக்கட்டும்டா" என்றான்.