மூக்குகளின் தீர்ப்பு

அவள் பேருந்தில் ஏறினாள்.

யாரும் எழுந்துகொள்ளவில்லை.

வழக்கமாக அவள் படியில் கால் வைத்ததுமே சீட் காலியாகும். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! நாற்றம். அழுகிய முட்டையும் பூண்டும் சேர்ந்த நாற்றம். ஒருநாள் யாரோ கேஸ் சிலிண்டரை ஒளித்துக் கொண்டுவருகிறார்கள் என்று கண்டக்டர் பேருந்தை ஓரங்கட்டி, எல்லார் பையையும் கிளறிவிட்டார். ஒன்றும் தெரியாதவள் போல அவளும் தன் பையைத் திறந்து காட்டினாள்.

வேலை அப்படி. அவளுடைய கம்பெனியில் புற்றுநோய் மருந்துக்கான பாதிவழிப் பொடி தயாராகிறது. அதை வாங்கிப்போய் வேறொரு கம்பெனி மருந்தாக்கும். அந்தப் பொடிக்கு ஒரு கந்தகத் திரவம் வேண்டும். ஒரு சொட்டு மேலே பட்டால் போதும். சோப்பு, ஷாம்பூ, சீயக்காய், எதற்கும் மசியாது.

அந்தச் சனியன் இல்லாமலே பொடியைச் செய்துவிட வேண்டும் என்று அவள் ஒரு வருடமாக மல்லுக்கட்டினாள்.

இன்று வந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று.

சோதனை இயந்திரம் பொடி சுத்தம் என்றது. பழைய முறையைவிடக் கூடுதலாகவே கிடைத்திருந்தது.

மேலாளர் மட்டும் தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரி. நாத்தம் போயிடுச்சுன்னு யாரும்மா சொல்றது?"

நியாயமான கேள்விதான். லேபில் ஒருத்தர் மூக்கும் உயிரோடு இல்லை. அவளுடையதும் செத்து நாளாகிறது. நாற்றம் மிச்சமிருந்தால் புது முறை எதற்கு? நாளைக்கே பழைய திரவம், பழைய பிழைப்பு.

காலையில் பழைய நாற்றம் ஒட்டாத புதுச் சுடிதார் போட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தாள். இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூக்காகப் பார்த்தாள்.

ஒரு கைக்குட்டையும் எழவில்லை.

ஜன்னலோரத்துப் பெரியவர் வாய் நிறையக் காற்றை இழுத்துக் கொட்டாவி விட்டார்.

எப்போதும் எட்டி நின்று கையை மட்டும் நீட்டுகிற கண்டக்டர், பக்கத்திலேயே நின்று, நிதானமாக எச்சில் தொட்டுச் சீட்டுக் கிழித்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு கும்பலே ஏறியது. உட்கார இடமில்லை. நிற்கவும் இடமில்லை. கட்டைப் பையும் கையுமாக ஒருத்தி இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து அவள்மேல் சாய்ந்தாள்.

"அச்சச்சோ! கால மிதிச்சிட்டேனாம்மா?"

"ஆமாக்கா," என்றாள் வாயெல்லாம் பல்லாக. "பரவால்ல. நல்லா மிதிங்க."