கார்டின் பின்பக்கம்

“அஞ்சு வருஷ கியாரண்டியாம்! அந்த மனுஷன் அஞ்சு மாசத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம்.”

தையல் மெஷின் மேல் கிடந்த கார்டை விரலால் சுண்டிவிட்டுச் சிரித்தான் கணவன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். ஊர்க் கதையெல்லாம் வேனில் ஏறித்தான் வீட்டுக்கு வரும்.

“யாரைச் சொல்றீங்க?”

“உன் எண்ணெய் அண்ணனைத்தான். வயித்துல கட்டியாம். ஆஸ்பத்திரியில கையை விரிச்சு ஒரு மாசம் ஆச்சாம். உனக்கு எப்போ இந்த கார்டு எழுதிக் குடுத்தார்?”

“போன வாரம்.”

“பாத்துக்கோ. தெரிஞ்சேதான் எழுதியிருக்கார்.”

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த மெஷின் ஓடினால்தான் மாசக் கடைசியில் அடுப்பு எரியும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வேறு. நாற்பது யூனிஃபார்ம் வெட்டியது வெட்டியபடி கிடக்கிறது. கார்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பினாள்.

யார் மெஷினைக் கொண்டுபோனாலும், “எண்ணெய் போட்டியா?” என்றுதான் அவர் முதலில் கேட்பார். அதனால் எண்ணெய் அண்ணன். அவர் கடைக்கு நேர் எதிரே இன்னொரு மெஷின் ரிப்பேர் கடை. நடத்துகிறவர் சொந்த மச்சான், மனைவியின் கூடப் பிறந்த தம்பி. இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசி பதினொரு வருஷம். அங்கே போன மெஷினை இவர் தொடமாட்டார், இங்கே வந்த மெஷினை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். கடை மாற்றுகிற பெண்கள் மெஷினைப் போர்வையால் மூடி, பின்தெரு வழியாகத்தான் தூக்கிப்போவார்கள்.

எண்ணெய் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து நூல் சுற்றும் பாபினைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டை வேறு யாருடையதோ போலத் தொளதொளத்தது.

“வாம்மா. எண்ணெய் போட்டியா?”

“போட்டேன். அண்ணே, நான் கேள்விப்பட்டது நிஜமா?”

“எது, வயித்து விஷயமா? நிஜம்தான்.”

அவர் சாதாரணமாகச் சொன்னார். அவளுக்குத்தான் மேலே கேட்கச் சங்கடமாக இருந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டாள்.

“அப்புறம் எப்படிண்ணே அஞ்சு வருஷம்னு எழுத மனசு வந்துச்சு?”

“கியாரண்டி மெஷினுக்கும்மா. மெக்கானிக்குக்கு இல்ல.”

“சிரிக்காதீங்கண்ணே. நாளைக்கு இது நின்னுபோனா நான் யார்கிட்ட போவேன்? உங்க கை பட்ட மெஷின்னு தெரிஞ்சா எதிர்க்கடையில வாசப்படி ஏத்தமாட்டார்.”

“கார்டைத் திருப்பிப் பாரு.”

திருப்பினாள். பின்பக்கம் வேறு ஒருவர் கையெழுத்தில் இரண்டே வரி. ‘இந்த வேலைக்கு நானும் பொறுப்பு. எப்போது நின்றாலும் என்னிடம் கொண்டு வரவும்.’ கீழே எதிர்க்கடை முத்திரை.

“இது எப்படிண்ணே?”

“டாக்டர் சொன்ன அன்னிக்கு வீட்டுக்குக்கூடப் போகல. நேரா அவன் கடைக்குத்தான் போனேன்” என்றார் எண்ணெய் அண்ணன். “ஆயுசு நிறைய இருக்குன்னு நெனச்சதாலதாம்மா பதினொரு வருஷம் சண்டை போட முடிஞ்சுது. கொஞ்சம்தான் இருக்குன்னு தெரிஞ்சதும் அதுக்கு நேரம் ஒதுக்க முடியல.”

“அப்படி என்னண்ணே சண்டை?”

“அப்போ எங்கிட்டதான் வேலை பாத்தான். ஒரு மெஷினுக்கு எண்ணெய் போடாம குடுத்துட்டான். கஸ்டமர் முன்னாடியே கன்னாபின்னான்னு திட்டிட்டேன். அவ்ளோதான்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். மச்சான் வாயாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நிம்மதி என்று அப்படியே தெருவைத் தாண்டினாள்.

“நிஜம்தாம்மா. ராத்திரி பகல் எப்போ வேணும்னாலும் கொண்டு வா” என்றார் மச்சான்.

அவர் மேஜை நிறையக் கியாரண்டி கார்டுகள். முன்பக்கம் எதுவும் எழுதாத புதுக் கார்டுகள். ஒன்றைத் திருப்பினாள். ‘என் மச்சான் வேலை. நம்பிக் கொடுக்கலாம்’ என்று எண்ணெய் அண்ணன் எழுதியிருந்தார். அடுத்ததிலும் அதே. அதற்கு அடுத்ததிலும் அதே. போகப் போக எழுத்து நடுங்கியிருந்தது.

“என்ன இது?”

“தினம் சாயங்காலம் இருபது எழுதித் தர்றார். நான்தான் கேட்டேன்.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உடம்பு முடியாத மனுஷனை இப்படியா பிழியறது? அவர் போனப்புறமும் அவர் பேரைக் காட்டிக் கஸ்டமர் பிடிக்கவா?”

மச்சான் கோபப்படவில்லை. கார்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி அடுக்கினார்.

“கஸ்டமருக்கு இல்லம்மா, எனக்கு. மாமா கையெழுத்து பின்னால இருந்தா, எண்ணெய் போடாம குடுக்க எனக்குக் கை வராது.”

அவள் கட்டைப் பார்த்தாள்.

“அதுக்கு இவ்ளோ கார்டா? இது எத்தனை நாளைக்கு?”

மச்சான் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டார்.

“என் காலம் முடியற வரைக்கும் வரணுமேம்மா.”