ஷட்டரைத் தட்டியவர்

"டெய்லரே, உள்ள இருக்கீங்களா இல்லையா?"

மூடியிருந்த ஷட்டரை முதலாளி தட்டிய தட்டில் எதிர்த்த மருந்துக்கடையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இரும்புக்கடை வைத்திருக்கிறவர் கை, பின்னே பூவாகவா இருக்கும்?

அவருடைய டிரைவர் காரை ஒட்டியே நின்றான். கிட்டே போக அவனுக்குப் பயம். காலையிலேயே ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

ஷட்டரில் ஒரு அட்டை தொங்கியது. 'இறந்தவர்களுக்கான பிரார்த்தனை நாள். இன்று கடை விடுமுறை.'

"அதான் போர்டு போட்டிருக்காங்களே சார்," என்றார் வழியில் போன ஒருவர்.

"நாளைக்கு என் பையனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கோட்டு உள்ள கிடக்கு. இந்தப் போர்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டா மேடையில நிப்பான்?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. சேர்ந்த கூட்டம் சும்மா இருக்குமா?

"சாமி வந்து இவர்கிட்ட கடையைச் சாத்துன்னு சொல்லிச்சாக்கும்," என்றார், பேன்ட் நீளம் குறைக்க வந்திருந்த ஒரு அம்மா.

"பின்தெருவுல ஒரு கடை இருக்கு, வருஷம் பூரா திறந்திருக்கும். இனிமே எல்லாரும் அங்கேயே போயிட வேண்டியதுதான்," என்று இன்னொருவர் வழி காட்டினார்.

"வியாபாரம்னு உக்காந்தா வியாபாரத்தைப் பாக்கணும். சாமியை வீட்டோட வச்சுக்கணும்," என்ற முதலாளி, டிரைவர் பக்கம் திரும்பினார். "என்னப்பா, நான் சொல்றது சரிதானே?"

டிரைவர் தலையை ஆட்டி வைத்தான்.

அதே பிரார்த்தனைக்குத்தான் அவனும் காலையில் லீவு கேட்டிருந்தான். அந்த வருஷத்தில் இறந்துபோனவர்களின் பேரை இன்று மதியம் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பேர் வரும்போது அந்த வீட்டு ஆள் எழுந்து நிற்க வேண்டும். இந்த வருஷம் அவன் அம்மாவின் பேரும் இருக்கிறது. எழுந்து நிற்க அவனை விட்டால் வேறு நாதி கிடையாது. "மதியம் கொஞ்ச நேரம் ஐயா..." என்று ஆரம்பித்ததுமே, "கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு, இப்ப லீவா?" என்று வாயை அடைத்துவிட்டார் முதலாளி. எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டெய்லர் இறங்கி வந்தார். கையில் உறை போட்ட கோட்டு.

"நேத்தே முடிச்சுட்டேன் சார். நீங்க வருவீங்கன்னுதான் மாடியில என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வச்சிருந்தேன். போன் பண்ணேன், நீங்க எடுக்கலை."

முதலாளி உறையைப் பிரித்தார். பட்டன் துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். எல்லாம் கையால் எடுத்த காஜா. குறை சொல்ல வழியே இல்லை. ஆனால் இத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு எப்படிப் பேசாமல் போவது?

"கோட்டு கிடைச்சது சந்தோஷம். அதுக்காக உங்க சாமி பேரைச் சொல்லி எங்களை நடுத்தெருவுல நிறுத்தலாமா?"

"எனக்குச் சாமி, பூதம் எதுவும் கிடையாது சார்."

"பின்ன இது?"

"காஜா எடுக்கிற அக்காவுக்கு இருக்கு. போன வருஷம் கடையைத் திறந்து வச்சுக்கிட்டு, 'நீங்க போயிட்டு வாங்கக்கா'ன்னு சொன்னேன். 'கடைக் கூட்டத்துல உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது'ன்னு அவங்க கடைசி வரைக்கும் போகவே இல்லை. பூட்டினாத்தான் போவாங்க. அதான் இந்த வருஷம் பூட்டிட்டேன். நீங்க தடவிப் பாத்தீங்களே, அதெல்லாம் அவங்க கைவேலைதான்."

பேன்ட் அம்மா பைக்குள் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து, கடைக்குப் பின்னால் குடியிருக்கும் காஜா அக்காவே சந்து வழியாக வெளியே வந்தார். குளித்து, தலை வாரி, இருப்பதில் நல்ல உடுப்பாக உடுத்தியிருந்தார். காரைத் தாண்டும்போது டிரைவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"தம்பி, நீ இன்னும் கிளம்பலையா? அம்மா பேரை வாசிப்பாங்களே. நீ போகலைன்னா யாரு எழுந்து நிப்பா?"

"வேலை இருக்குக்கா," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

முதலாளி மெதுவாகக் கிட்டே வந்தார்.

"இதுக்காகத்தான் காலைல லீவு கேட்டியா?"

"ஆமாங்கய்யா."

"சாவியைக் குடு."

போச்சு, இத்தனை வருஷ வேலை இதோடு போச்சு என்று நினைத்தான். சாவியை நீட்டினான்.

முதலாளி கோட்டை முன்சீட்டில் போட்டார். சுற்றிக்கொண்டு போய், டிரைவர் சீட்டில் தொப்பையை இடுக்கி உட்கார்ந்தார்.

"பின்னாடி ஏறுங்கக்கா. நீயும் ஏறுப்பா. வழியை மட்டும் சொல்லு. நான் ஓட்டி ரொம்ப நாளாச்சு."

அந்தக் காரின் பின்சீட்டைத் தினமும் துடைத்திருக்கிறானே தவிர, ஒருநாளும் அவன் அதில் உட்கார்ந்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஹேண்ட் பிரேக் ஐயா."

"தெரியும், தெரியும்."

வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பியது. அப்போதுதான் ஸ்கூட்டரில் வந்து இறங்கிய ஒருவர் ஷட்டரைப் படபடவென்று தட்டினார். "டெய்லரே, பட்டப்பகல்ல கடையைச் சாத்தி வச்சா என்ன அர்த்தம்?"

கார் சடாரென்று நின்றது. முதலாளி கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், அதான் போர்டு போட்டிருக்காங்கல்ல? நாலு பேர் சாமி கும்பிடப் போற நேரத்துல ஷட்டரைப் போட்டு இப்படித் தட்டறியே, வெக்கமா இல்லை உனக்கு?"