மூன்றாம் நம்பரின் வேகம்

கண்ணாடி அறைக்கு ஏசி பூட்டிய அன்றே மயில்வாகனத்துக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

"கொம்பியூட்டருக்குச் சூடு ஆகாதாம், மயிலண்ணை," என்றாள் அரிசி மூட்டை தைக்கும் கமலாசனி.

"கொம்பியூட்டருக்கோ, அதுக்கு முன்னால இருக்கிறவருக்கோ?"

"உங்களுக்கும் ஒண்டு பூட்டச் சொல்லிக் கேளுங்கோவன்."

வவுனியாவில் பரமலிங்கத்தின் அரிசி ஆலையில் மயில்வாகனம் இருபத்திரண்டு வருட மெக்கானிக். ஒற்றை எஞ்சினில் ஆலை ஓடிய காலத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். 2001இல் முதலாளி பழையதைக் கழற்றிவிட்டுப் புதிது பூட்டினார். ஏழு மோட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, ஒரு நம்பர். ஏழையும் ஒரே வயரில் கோர்த்துக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோனார்கள். எது என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அங்கிருந்தபடியே சுடலைமுத்து தீர்மானிப்பான். ஒன்று தளர்ந்தால் மற்ற ஆறும் தாமாகவே தளரும்.

சுடலைமுத்து ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கொழும்பில் ஒரு பிஸ்கட் ஆலையில் இந்த வேலையைப் பழகியவன். முதலாளி அவனை 'இஞ்சினியர்' என்று கூப்பிட்டார். மயில்வாகனம் அவருக்கு இன்னும் 'மயிலு'தான்.

"தோட்டத்தில இருந்து வந்தவருக்குச் சில்லு வைச்ச கதிரை. நான் இடுப்பில சாரத்தைக் கட்டிக்கொண்டு ஏணியில தொங்கிறன்."

ஏணி மூன்றாம் நம்பருக்கு. நெல்லை வாளி வாளியாக மேலே தூக்கும் எலிவேற்றர் அது. முழுவதும் தகரத்தால் மூடியிருக்கும். உச்சியில் மட்டும் சுழலும் சில்லு வெளியே தெரியும். நாளுக்கு மூன்று தரம் அதற்குக் கிரீஸ் போட வேண்டும்.

"ஓடுற மெசினில ஆர் ஏறினாலும் அண்டைக்கே வீட்ட போகலாம்," என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார்.

மயில்வாகனம் கேட்கவில்லை. ஓடும்போது போட்டால்தான் கிரீஸ் உள்ளே இறங்கும் என்பது அவர் கட்சி. முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்து, தூணில் தொங்கும் கிரீஸ் மட்டையில் நேரத்தை எழுதிவிட்டு ஏறுவார். அவர் ஏறும்போதெல்லாம் கண்ணாடிக்குள் சுடலைமுத்துவின் தலை நிமிரும்.

"வேடிக்கை பாக்கிறார் துரை," என்று முணுமுணுப்பார்.

ஒரு மத்தியானம் சுடலைமுத்து சாப்பிடப் போன நேரம், ஏசிக் காற்று எப்படியிருக்கும் என்று பார்க்க மயில்வாகனம் உள்ளே போனார். சில்லுக் கதிரையில் உட்கார்ந்தும் பார்த்தார். திரையில் ஒரு பட்டியல் ஓடியது. நேரம், நம்பர், வேகம்.

மூன்றாம் நம்பர் ஐம்பதில் ஓட வேண்டியது. காலை 8.20க்கு இருபதுக்கு இறங்கியிருந்தது. ஏழு நிமிடத்தில் பழையபடி ஐம்பது. 11.10க்கு மறுபடியும் இருபது. முந்தின நாளும் அப்படித்தான், அன்று பின்னேரமும் ஒரு தரம்.

ஒரு கிழமை நாள் தவறாமல் ஒளித்து ஒளித்துப் பார்த்து எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதினார். முதலாளியின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

"ஒவ்வொரு நாளும் இருபது நிமிசம் உங்கட ஆலை தவழுது, முதலாளி. இஞ்சினியர் குளிருக்கு நித்திரையாப் போறார் போல."

பரமலிங்கம் சுடலைமுத்துவைக் கூப்பிட்டார்.

அவன் கடதாசியை வாசித்தான். மயில்வாகனத்தின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவர் சாரத்தின் தொங்கலைப் பார்த்தான்.

"நான்தாங்க முதலாளி கொறைச்சேன்."

"ஏன்?"

"காரணம் ஒண்ணும் இல்லீங்க."

"காரணம் இல்லாமலோ? இந்த மாசத்தோட வேற இடம் பார். அதுவரைக்கும் மூண்டாம் நம்பரின்ர வேகத்தில கை வைக்கப்படாது!"

அன்று பின்னேரம் மயில்வாகனம் தன் காசில் கமலாசனிக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை, மட்டையில் 8.20 என்று எழுதிவிட்டு ஏணியில் கால் வைத்தார். சுடலைமுத்து அறையை விட்டு ஓடி வந்தான்.

"அண்ணே, இன்னைக்கு வேணாம். நிப்பாட்டிட்டு ஏறுங்க."

"நான் இதில ஏறத் தொடங்கி மூண்டு மாசம், தம்பி. நீர் போய்க் குளிருக்க இரும்."

உச்சிக்குப் போனவர் திகைத்துப்போனார். இது அவர் கிரீஸ் போடுகிற சில்லு இல்லை. அந்தச் சில்லின் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். இது கம்பியே தெரியாமல் வெறும் தகடாகச் சுற்றியது.

குனிந்தார். சாரத்தின் தொங்கல் காற்றில் எழும்பியது. அவ்வளவுதான். ஒரே இழுவை. இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். சாரம் இடுப்பை விட்டுப் போனது.

அந்தக் கணமே ஆலை முழுவதும் நின்றது. கீழே சுடலைமுத்துவின் உள்ளங்கை ஆலையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானில் இருந்தது.

உள்காற்சட்டையோடு இறங்கி வந்தவருக்குக் கமலாசனி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு ஒரு வெறும் சாக்கை நீட்டினாள். சிரிக்கவில்லை.

"அந்தத் தம்பி முதல் நாள் தொடக்கம் நீங்கள் ஏறுறதைப் பாத்துப் பாத்துத்தான் வேகத்தைக் குறைக்கும், மயிலண்ணை. நீங்கள் இறங்கின பிறகுதான் மற்ற வேலை பாக்கும்."

மயில்வாகனம் தூணைப் பார்த்தார். கிரீஸ் மட்டையில் இன்றைய 8.20. அதற்கு மேலே நேற்று, முந்தநாள், போன கிழமை.

சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு மட்டையை ஆணியிலிருந்து கழற்றினார். நேரே முதலாளியின் அறைக்குப் போனார்.

"நேற்றுத் தந்த கடதாசிக்குப் பக்கத்தில இதையும் வைச்சுப் பாருங்கோ, முதலாளி. ஆர் வீட்ட போகவேணும் எண்டு தெரியும். ரெண்டும் என்ர கையெழுத்துத்தான்."